மருமகன் வீட்டுப் பொயிலருக்கு மாமன் சொல்லும் பரிகாரம்

கேட்டன் மனே, நீ வட்ஸ்அப்பில அனுப்பின ஒப்பாரிய முழுக்கக் கேட்டன். லண்டனில வீடு வாங்கி, வீட்டுக்கு மேல கடனும் வாங்கி, கடைசியில தலையில கம்பளித் தொப்பியோடதான் படுக்கிறாயாம். கீழ் வீட்டில வேர்க்குதாம், மேல் அறையில விறைக்குதாம், ரேடியேற்றர் ராவில உறுமுதாம். ஆரும் கண்ணூறு பட்டித்தோ எண்டு உன்ட பொஞ்சாதி கேக்கிறாள். எலுமிச்சம்பழம் வெட்டட்டோ எண்டும் கேக்கிறாள். வெட்டச் சொல்லு. வெட்டின பழத்த வீசாம சீனி போட்டுக் கரைச்சிக் குடி. வீட்டுக்குச் சூடு ஏறாட்டியும் உன்ட தலைச்சூடு இறங்கும்.

மார்கழி மழையில 23 பாகைக்கு இறங்கினாலே போர்வை தேடுற ஊர்க் கிழவனுக்கு ஹீற்றிங்கப் பத்தி என்ன தெரியும் எண்டு உன்ட கூட்டாளிமார் சிரிப்பானுகள். சிரிக்கட்டும். மகள் வீட்டில ஒரு குளிர்காலம் முழுக்கக் கிடந்தவன் நான். பொயிலர் பாக்க வந்த பொடியனுக்குப் பக்கத்தில குந்தியிருந்து, தேத்தண்ணி ஊத்திக் குடுத்துக் குடுத்து அவன்ட வாயக் கிண்டினன். அதுக்கு முந்தியே நான் வட்டவிதானை. உன்னிச்சைக் குளத்துத் தண்ணியப் படுவான்கரை வட்டைக்குள்ள பங்கிட்டு, எல்லாரிட்டயும் ஏச்சு வாங்கினவன். வீட்டுக்குள்ள ஓடுற தண்ணி எனக்கென்ன பெரிய காரியமா? ஓம், தண்ணிதான். நீ நெருப்பெண்டு நினைச்சி அந்த வெள்ளைப் பெட்டியையே முறைச்சிப் பாத்துக்கித்து நிக்கிறாய். ஹீற்றிங்கில நெருப்பு வேலை காவாசி, தண்ணி வேலை முக்காவாசி.

ஆனா முதல்ல பெட்டிக்கிட்டப் போகாத. மீற்றருக்குப் போ. காசு போட்டு எரிக்கிற மீற்றரெண்டா அதில காசு கிடக்கா எண்டு பாரு. பொயிலரத் தட்டி, ஏசி, நேர்த்தி வச்சி, ஆளக் கூப்பிட்டுக் கூலியும் குடுத்த பிறகு மீற்றரில காசு முடிஞ்ச கதையெண்டு தெரிய வந்த வீடுகள அந்தப் பொடியன் சொல்லிச் சொல்லிச் சிரிச்சான். மறுகா சுவரில கிடக்கிற சுவிச்சு. உன்ட சின்னவன் கைக்கு எட்டுற உசரமெண்டா வேற காரணம் தேடாத. மறுகா மணிக்கூடு. ஒக்டோபர் கடைசி ஞாயிறு அங்க மணியப் பின்னால தள்ளுவானுகள், மார்ச் கடைசி ஞாயிறு முன்னால இழுப்பானுகள். உன்ட போன் தானா மாறிடும். குசினியில கிடக்கிற பழைய ரைமர் மாறாது. நீ விடிய ஆறு மணிக்குக் குளிருது குளிருது எண்டு நடுங்கேக்க, அதுட கணக்கில வேற மணி. கரண்ட் ஒருக்காப் போயித்து வந்தாலும் சில ரைமர் நேரத்த மறந்து பன்னிரண்டில நிண்டு கண்ணச் சிமிட்டும். கம்பியில்லாத தெர்மோஸ்ராற்றெண்டா உள்ளுக்குக் கிடக்கிற பற்றரி செத்துக் கிடக்கா எண்டும் பாரு. அது செத்தா பொயிலருக்குக் கட்டளை போகாது. கட்டளை வராத பொயிலர் சும்மா கிடக்கும், அதுல என்ன பிழை?

அந்தத் தெர்மோஸ்ராற்றத்தான் நீ 30க்குத் திருகி வச்சிருக்கிறாயாம், கெதியாச் சுடட்டும் எண்டு. அட மனே! 20க்குத் திருகினாலும் 30க்குத் திருகினாலும் வீடு ஏறுற வேகம் ஒண்டுதான். 30 எண்டா 20இல நிக்காது, அவ்வளவுதான் வித்தியாசம். நீ கொஞ்ச நேரத்தில வேர்த்து யன்னலத் திறப்பாய். உன்ட காசு யன்னலால வெளிய போயி அயல் வீட்டு மரத்துக்குச் சூடு குடுக்கும். வீட்டுக்குள்ள ஆகக்குறைஞ்சது 18 பாகை வேணும் எண்டுதான் உலக சுகாதார நிறுவனம் 2018இல சொல்லிக்கிடக்கு. கிழடுகட்டைக்கும் கைக்குழந்தைக்கும் இன்னும் கொஞ்சம் கூட. உனக்கு வீட்டுக்குள்ள மட்டக்களப்பு வைகாசி வேணும், பில்லு மட்டும் வரப்படா.

அதுக்குள்ள அந்தத் தெர்மோஸ்ராற்ற எங்க பூட்டி வச்சிருக்கிறாய்? வீடியோக் கோலில கண்டன், குசினி வாசலில. உன்ட பொஞ்சாதி புட்டு அவிக்கேக்க ஆவியெல்லாம் அதுட மூஞ்சையிலதான் அடிக்குது. வீடு முழுக்கச் சுட்டித்தெண்டு அது நம்பி, போதும் நீ படு எண்டு பொயிலருக்குச் சொல்லுது. புட்டு அவியிற நேரமெல்லாம் மேல படிக்கிற புள்ளைக்கு விறைக்கும். இத நான் சொன்னனெண்டு அவளிட்டச் சொல்லிப் போடாத. புட்ட நிப்பாட்டுறது குடும்பத்துக்குக் கூடாது. ஆளக் கூப்பிட்டுத் தெர்மோஸ்ராற்ற நடு அறைக்கு மாத்து. ரேடியேற்றருக்குக் கிட்டயும் வேணாம், வெயில் விழுற சுவரும் வேணாம்.

இப்பத் தண்ணிக்கு வருவம். கன்னக் கூட்டம் முடிஞ்சி, நாள் குறிச்சி, குளத்துத் துரிசு திறந்த உடன வாய்க்கால்த் தலைப்பில வயல் கிடக்கிறவன் என்ன செய்வான் எண்டு உனக்குத் தெரியும். உன்ட அப்பனும் அதத்தான் செஞ்சான், தப்பா நினைக்காத. வக்கடைய அகலமா வெட்டி விட்டித்து வாடிக்குள்ள போயிப் படுப்பான். அவன்ட வயல் முட்டி வழியும். கடைசிக் கண்டத்துக்காரன்ட வயல் பாளம் பாளமா வெடிக்கும். அவன் கந்தோருக்கு ஓடிப்போயி, குளம் காணாது, கட்ட உசத்துங்க எண்டு மனுக் குடுப்பான். குளத்தில தண்ணி தளும்பிக்கித்துக் கிடக்கும்! வட்டவிதானை என்ன செய்யணும்? ராவிருட்டியில ரோச் லைற்ற அடிச்சிக்கித்து வரம்பால நடந்து போயி, தலைப்புக்காரன்ட வக்கடையில ரெண்டு மண்வெட்டி மண்ணப் போட்டுச் சுருக்கணும். மூடப்படா, சுருக்கணும். விடிய அவன் என்ட பரம்பரையையே இழுத்து ஏசுவான். ஆனா கடைசிக் கண்டத்தில தண்ணி நிக்கும்.

உன்ட வீட்டில தலைப்புக்காரன் ஆர்? பொயிலருக்குக் கிட்டக் கிடக்கிற கீழ் அறை ரேடியேற்றர். வேர்க்குதெண்டு சொன்னியே, அவன்தான். விறைக்கிற மேல் அறை கடைசிக் கண்டம். ஒவ்வொரு ரேடியேற்றருக்கும் ரெண்டு அடியிலயும் ரெண்டு வால்வு கிடக்கும். ஒண்டில இலக்கம் போட்ட தலை, அத எல்லாரும் திருகுவாங்க. மத்தப் பக்கம் ஒரு வெள்ளைத் தொப்பியப் போட்டுக்கித்து ஆரும் தொடாம ஒண்டு கிடக்கும். லொக்ஷீல்ட் எண்டுவானுகள். அதுதான் உன்ட வக்கடை. தொப்பியக் கழட்டினா உள்ளுக்குப் பித்தளைத் தண்டு. முதல்ல அத மூடி, மூடுறதுக்கு எத்தினை சுத்து எண்டு எண்ணிக் கடதாசியில எழுதி வை. பிழைச்சா பழையபடி வைக்கலாம். மறுகா கிட்டக் கிடக்கிறதக் கால் சுத்து, அரைச் சுத்து மட்டும் திற. தூரத்தில கிடக்கிறத நல்லாத் திற. ஒண்டத் திருகின உடன ஓடிப்போயி அடுத்ததத் திருகாத. தண்ணி ஓடிச் சூடு சேர நேரம் குடு. மகள் வீட்டுக்கு வந்த பொடியன் போற பைப்பிலயும் வாற பைப்பிலயும் வெப்பமானியக் கவ்வ வச்சி, இடைக்கிடை தேத்தண்ணியக் குடிச்சிக்கித்து ஒரு பின்னேரம் முழுக்க இத மட்டும்தான் செஞ்சான். வேற சாமான் ஒண்டும் மாத்தல்ல. அண்டு ராத்திரி மேல் அறையில போர்வையத் தள்ளிப் போட்டித்துப் படுத்தன்.

ஒருத்தன் வந்து உனக்குப் பெரிய பொயிலர் பூட்டச் சொல்லி விலை சொல்லியிருக்கான் எண்டியே. அவன் குளத்துக் கட்ட உசத்தச் சொல்லுறான். நீ முதல்ல வரம்பால ஒருக்கா நடந்து பாரு.

நடக்கேக்க கையால ரேடியேற்றரத் தொட்டுப் பாத்துக்கித்து நட. மெல்லத் தொடு, சுடும். தலை குளிர்ந்து அடி சுட்டா மேல காத்து அடைச்சிக் கிடக்கு. உறுமலும் களகளப்பும் அதாலதான். மீன்பாடும் ஊரில பிறந்த பழக்கத்தில அத ரசிச்சிக்கித்துப் படுக்கிறாயாக்கும்! பௌர்ணமிக்குக் கல்லடிப் பாலத்தடியில தோணியில போயித் தண்டு வலிக்கிற கட்டையக் காதில வச்சிக் கேக்கிறது வேற, சுவரோட ஒட்டிக் கிடந்து கேக்கிறது வேற. ஹீற்றிங்க நிப்பாட்டி ஆற விடு. லாச்சிக்குள்ள தேடினா சதுரத் துளை போட்ட சின்னத் திறப்பொண்டு கிடக்கும். கிடைக்காட்டிக் கடையில சில்லறைக் காசு. ரேடியேற்றர்ட மேல் மூலையில அதுக்கேத்த சின்னத் தலை கிடக்கும். பழஞ்சீலைத் துண்டொண்டக் கீழ பிடிச்சிக்கித்து, இடப்பக்கமாக் கால் சுத்து, மிஞ்சினா அரைச் சுத்துத் திருகு. ஸ்ஸ் எண்டு காத்து வரும், கொஞ்சம் நாறும். சத்தம் நிண்டு தண்ணி துளிக்கத் தொடங்கின உடன இறுக்கிப் போடு. கறுத்த தண்ணி, கார்ப்பெற்றில விழுந்தா போகாது. விழுந்தா அண்டைக்கு நீ எங்க படுக்கிறதெண்டத உன்ட பொஞ்சாதி தீர்மானிப்பாள், ஹீற்றிங் இல்ல.

காத்துப் போன இடத்துக்குத் தண்ணி வேணும். பொயிலர்ட மூஞ்சையில ஒரு முள்ளு கிடக்கு, பாத்தியா? எல்லாம் ஆறிக் கிடக்கேக்க அது 1க்கும் 1.5க்கும் நடுவில நிக்கணும். சுட்டா 2க்குக் கிட்டப் போகும், பயப்படாத. 1க்குக் கீழ விழுந்தா சில பெட்டி பிடிவாதமாப் படுத்திடும். பெட்டிக்குக் கீழ வெள்ளிக்கம்பி பின்னின குழாயொண்டு தொங்கும். அதுட பிடிய மெல்லத் திறந்து, முள்ளு ஏறின உடன மூடு. திறந்து விட்டித்துப் போனில அரசியல் கதைக்கப் போயிடாத. 3க்கு ஏறினா பாதுகாப்பு வால்வு திறந்து வெளிய ஊத்தும். ஒருக்கா நிரப்பினா மாசக்கணக்கில நிக்கணும் மனே. கிழமைக்குக் கிழமை நிரப்புறாயெண்டா எங்கயோ ஒழுகுது, ஆளக் கூப்பிடு. அடிக்கடி புதுத் தண்ணி விட்டா ஒட்சிசனும் புதுசா உள்ளுக்குப் போகும், கறள் வளரும்.

கறளெண்டோன்ன இன்னொண்டு. தலை சுட்டு அடி குளிர்ந்தா அது காத்தில்ல, மண்டி. ரேடியேற்றர்ட இரும்பு தண்ணியில கிடந்து கறுத்த சேறா அடியில படியும். மக்னரைற் எண்டு பேர், காந்தத்தில ஒட்டும். அதாலதான் காந்தம் வச்ச வடியொண்டப் பைப்பில பூட்டுறானுகள். சேத்தக் கழுவி எடுத்து, கறள் பிடிக்காத மருந்தும் ஊத்தணும். இத நீ செய்ய மாட்டாய். சிறுபோகத்துக்கு முந்தி வாய்க்கால் துப்பரவாக்க வாடா எண்டு கூப்பிட்டா வயித்துக்குத்தெண்டு சுருண்டு படுத்தவன் நீ. காசக் குடுத்துச் செய்விச்சுக்க.

ஒரேயொரு ரேடியேற்றர் மட்டும் முழுக்கச் செத்துக் கிடந்தா, இலக்கம் போட்ட தலையக் கழட்டிப் பாரு. உள்ளுக்குச் சின்ன ஊசியொண்டு துருத்திக்கித்து நிக்கும். கோடை முழுக்க மூடி வச்சதால கீழ போயி ஒட்டிக் கிடக்கும். ஸ்பனர்ட முதுகால மெல்லத் தட்டி அமத்து. அது தானா மேல வரணும். குறடு போட்டு இழுக்காத. இழுத்தா ஊசி உன்ட கையில, தண்ணி கூரையில.

உறைபனி விழுந்த விடியக்காலையில பொயிலர் களகளத்து நிண்டா வெளிச் சுவரப் பாரு. 2005 ஏப்ரலில இருந்து இங்கிலாந்தில பூட்டுற காஸ் பொயிலர் பெரும்பாலும் புகையில கிடக்கிற ஆவியையும் தண்ணியாக்கி அதுட சூட்டையும் பிழிஞ்செடுக்கிற சாதி. அந்தத் தண்ணி ஒரு பிளாஸ்ரிக் பைப்பால வெளிய வடியும். பைப்புக்குள்ள அது கட்டியானா பொயிலர் நிண்டிடும். 2010 டிசம்பரில இதுதான் நடந்தது. நூறு வருசப் பதிவில அப்பிடியொரு குளிர் டிசம்பர் பிரித்தானியாவில இல்ல. வீட்டுக்கு வீடு பைப் உறைஞ்சி, பொயிலர் பாக்கிறவனப் பிடிக்கிறதே பெரும்பாடாப் போச்சு. பாதி வீட்டுக்கு வேண்டிக் கிடந்தது ஒரு போச்சி இளஞ்சுடுதண்ணிதான். கொதிதண்ணி ஊத்தாத, பைப் வெடிக்கும். பைப் உசரத்தில கிடந்தா பனியில ஏணி வைக்காத. ஊத்தி இளகின பிறகு பெட்டியில றீசெற்ற அமத்து. எரிஞ்சிடும்.

அந்தச் சாதிப் பொயிலருக்கு இன்னொரு சூட்சுமம் சொல்றன், காது குடு. ரேடியேற்றருக்குப் போற தண்ணிட சூட்ட ஒரு திருகால மாத்தலாம். 75, 80 எண்டு கிடக்கும். தாங்கியில்லாம உடனுக்குடன சுடுதண்ணி தாற பெட்டியெண்டா 60க்கு இறக்கிப் பாரு. திரும்பி வாற தண்ணி 55க்குக் கீழ ஆறி வந்தாத்தான் ஆவியத் தண்ணியாக்கிச் சூடு பிழியும். இல்லாட்டி அந்தச் சூடு புகையோட மானத்துக்குப் போகும், நீ அதுக்கும் காசு கட்டுவாய். சுடுதண்ணித் தாங்கி வச்ச வீடெண்டாத் திருக முந்தி ஆளிட்டக் கேள். தாங்கித் தண்ணி 60க்குக் குறைஞ்சா கெட்ட கிருமி வளரும்.

இவ்வளவும் உனக்கு விட்ட வேலை. பெட்டிட முன் மூடியத் திறக்கிற வேலை உனக்கு விட்டதில்ல. 2021 கடைசியில நம்மட நாட்டில காஸ் அடுப்புகள் அங்கங்க வெடிச்ச காலம் ஞாபகம் கிடக்கா? சவர்க்கார நுரையத் தடவித் தடவிக் குமிழ் வருதா எண்டு சனம் பாத்தது. உன்ட மாமி காஸ மூலையில வச்சித்து விறகடுப்புக்குத் திரும்பினாள். அந்தப் பயத்தில கொஞ்சம் உனக்கும் வேணும். அங்க காஸ் வேலைக்குப் பதிவு வச்சவன்தான் கை வைக்கலாம், சட்டம் அது. 2009 ஏப்ரலில இருந்து அந்தப் பதிவுக்குக் காஸ் சேஃப் ரெஜிஸ்ரர் எண்டு பேர். வாறவன்ட அட்டைய வாங்கி முன்னுக்குப் படத்தப் பாத்தாப் போதாது, திருப்பிப் பாரு. எந்தெந்த வேலைக்கு அவனுக்கு அனுமதி எண்டு பின்பக்கத்திலதான் கிடக்கும். நம்மட ஊர்ப் பொடியன், ஞாயிற்றுக்கிழமை வருவான், பாதிக் காசுக்குச் செய்வான் எண்டு கோயில் மண்டபத்தில ஒருத்தன் காதுக்குள்ள சொல்லுவான். அந்தப் பொடியனுக்குச் சாப்பாடு குடு, பொயிலரக் குடுக்காத.

காஸ் மணந்தா சுவிச்சப் போடவும் வேணாம், நிப்பாட்டவும் வேணாம். யன்னலத் திறந்து வெளிய போயி 0800 111 999க்கு எடு. மணக்காததுதான் பெரிய ஆபத்து. கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமுமில்ல மணமுமில்ல. வீட்டில எல்லாருக்கும் ஒரே நேரம் தலையிடி, தலைச்சுத்து, சத்தி, வெளிய போனாச் சுகம் எண்டா அது சாப்பாட்டுக் கோளாறெண்டு கசாயம் வைக்காத. பொயிலர நிப்பாட்டு, எல்லாரையும் வெளிய இறக்கு. அதுக்கு அலறுற கருவி விக்கிறானுகள், முதல்ல அத வாங்கு. மறுகா, குளிர் வருதெண்டு சுவரில காத்து வாற துளைக்குப் பழைய சாரத்த அடைஞ்சி வச்சிருக்கிறியே, அந்தச் சாரத்த இண்டைக்கே இழுத்தெடு.

சாரத்தோட நிக்கல்ல உன்ட புத்தி. பெரிய ரேடியேற்றருக்கு முன்னால செற்றியப் போட்டிருக்கிறாய். செற்றிட முதுகுக்குச் சுகமாச் சுடும், உனக்கில்ல. யன்னல் சீலையத் தரை முட்டத் தைச்சி அடுத்த ரேடியேற்றர மூடியிருக்கிறாய், அந்தச் சூடு கண்ணாடியால போகுது. மிச்சம் கிடந்ததில புள்ளைகள்ட உடுப்புக் காயுது. அந்த ஈரமெல்லாம் எங்க போகும்? சுவர் மூலையில கறுப்புப் பூஞ்சணமா நிக்கும். மூண்டு ரேடியேற்றருக்கும் முக்காடு போட்டித்து, வீடு சுடல்ல எண்டு மாமனுக்குக் குரல் பதிவு!

நீ குளிருக்குப் புதுசு, ஏசி என்ன செய்ய. 1970இல வெள்ளைக்காரன்ட வீட்டிலயே மூண்டில ஒண்டுக்குக் கிட்டத்தான் இந்த ஹீற்றிங் ஏற்பாடு கிடந்தது. மத்தவன் ஒரு அறையில நெருப்ப மூட்டி, அதச் சுத்திக் குந்தியிருந்தான். உன்ட பொஞ்சாதி செட்டிபாளையத்துக்காரி. வைகாசி வந்தா கண்ணகி அம்மனுக்குக் குளுத்தி வைக்கிற ஊர். மதுரைய எரிச்சவள்ட கோபம் ஆறணும், மழை பெய்யணும், நோய்நொடி போகணும் எண்டு விடிய விடியப் பாடிக் குளிர வைக்கிற சனம். அதுக்குள்ள பிறந்தவள் இப்ப வீட்டச் சுட வை தாயே எண்டு எலுமிச்சம்பழத்தோட நிண்டா அம்மாள் குழம்பிப் போக மாட்டாளா கா?

வைகாசிக்கு ஊருக்கு வாறாயெண்டு சொன்னாய், மெய்தானே? வெளிக்கிட முந்தி இலக்கம் போட்ட தலை எல்லாத்தையும் முழுக்கத் திறந்து வச்சித்து வா, ஊசி ஒட்டாது. கோடையில மாசத்துக்கொருக்கா ஹீற்றிங்கக் கொஞ்ச நேரம் ஓட விடு, பம்பு இறுகாது. வருசத்துக்கொருக்காப் பதிவுகாரனக் கூப்பிட்டுக் காட்டு, குளிர் தொடங்க முந்தி. மார்கழியில கூப்பிட்டா அவனுக்கு நீ கடைசிக் கண்டம். வரேக்க எனக்குச் சொக்லேற் வேணாம், பல்லில்ல. அந்தச் சதுரத் துளைத் திறப்பொண்டக் கொண்டு வா. பாதையடியில குந்தியிருக்கிற கிழவனுகளிட்டக் காட்டி, லண்டன்காரனுக்குக் காத்து இறக்கிற சாமான் இதுதான்டாப்பா எண்டு சொல்லணும்.